என் மகளுக்காகப் பேசிய பக்கத்து வீட்டுக்காரி

ஆண்டவர் என் பிள்ளையைப் பிழைக்க வைத்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பிழைக்க வைக்கவில்லை. ஆனாலும் அவர் என் ஜெபத்தைக் கேட்டார். அதற்காகத்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

ஐம்பத்தேழாம் வருஷம், சித்திரை மாதம். என் கணவருக்குத் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. மகள் ஆரோக்கியமேரிக்கு மூன்று மாதம் ஆகியும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. நான்தான் தள்ளிப் போட்டேன். என் கல்யாணத்தில் கோபித்துக்கொண்டு கன்னிவாடிக்குப் போன அண்ணன், ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக வந்து பிள்ளையைத் தூக்கினால்தான் ஆச்சு என்று எனக்கு வீம்பு. "பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு என்னம்மா வீம்பு?" என்று கோவில் உபதேசியார் இரண்டு தடவை கண்டித்தார். நான் கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. மறுநாள் மத்தியானம் கண் செருகிவிட்டது. கணவர் கோவிலுக்குப் பங்குச் சாமியாரைக் கூட்டிவர ஓடினார். வீட்டில் நானும், என் சத்தம் கேட்டு வந்த செல்லம்மாக்காவும்தான். அவர் பக்கத்து வீட்டில் பூக்கட்டி விற்கிறவர், நம் வேதத்துக்காரர் அல்ல. ஆபத்து வேளையில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று எனக்குத் தெரியும். செம்பை எடுத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமே ஞாபகம் இல்லை. சாமியார் வந்தபோது பிள்ளை என் மடியில் குளிர்ந்து கிடந்தது.

"தண்ணி ஊத்தினியா? மந்திரம் சொன்னியா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. ஞானஸ்நானம் பெறாத குழந்தையை அப்போதெல்லாம் மந்திரித்த கல்லறை மண்ணில் புதைக்கமாட்டார்கள். வேலிக்கு வெளியேதான். என் வீம்பு என் மகளை வெளியே தள்ளப்போகிறது. தரையில் விழுந்தேன். "அவள எடுத்துக்கிட்டீரு, வெளியேயாவது நிறுத்தாதேயும்" என்று ஆண்டவரிடம் அழுதேன். அவரைத் திட்டவும் செய்தேன்.

அப்போது செல்லம்மாக்கா முன்னால் வந்தார்.

"சாமி, நான் இங்கனதான் நின்னேன். புள்ளைக்கு அப்ப உசுரு இருந்துச்சு. இந்தத் தாயி நெத்தியில மூணு தடவ தண்ணி ஊத்துச்சு."

"என்ன சொல்லி ஊத்துச்சு?"

"பேரச் சொல்லி, பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து நாமத்தினாலே ஞானஸ்நானம் குடுக்குறேன்னுச்சு." பரிசுத்த ஆவியை அந்தக் காலத்தில் இஸ்பிரீத்து சாந்து என்றுதான் சொல்வோம்.

"இந்த வார்த்தையெல்லாம் ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ரெண்டு வீட்டுக்கும் ஒத்தச் செவுருதான் சாமி. இது செபம் சொல்றதக் கேட்டுக்கிட்டேதான் தெனமும் பூக்கட்டுறேன்."

சாமியார் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டார். "இது நம்ம புள்ள. கல்லறைக்குக் கொண்டு வாங்க" என்றார்.

சேதி கேட்டு அண்ணன் வந்தான். ஞானத்தகப்பனாகத் தூக்க வேண்டியவன் அந்தச் சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். வழியெல்லாம் தேம்பினான்.

பிறகு பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கும் எட்டாம் நாளே ஞானஸ்நானம் கொடுத்தேன். வீம்பு பிடித்து எதையும் நாளைக்கு என்று வைப்பதில்லை. ஆனால் சித்திரை வந்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது. அழுதுகொண்டேதான் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

கேட்டது கிடைக்காமல் நொந்துபோயிருக்கிறவர்களே, ஜெபத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வார்த்தை வராவிட்டால் அழுங்கள், அதையும் அவர் கேட்பார். பெற்ற தாய் நானே என் பிள்ளைக்காகச் சாட்சி சொல்ல முடியாமல் நின்றபோது, ஆண்டவர் அடுத்த வீட்டிலிருந்து ஒரு வாயை ஆயத்தமாக வைத்திருந்தார்.