இழுப்புக்கு விட்ட இடம்

அவள் வந்தபோது நான் சென்னைக்குத் திரும்பப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். உப்புவெளியிலிருந்து பஸ்ஸில் வந்து, அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறாள். கணவரின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வாடைக்காலத்தில் கடலுக்குப் போனவர். வள்ளம் மட்டும் கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது. அவருடைய படம் ஒன்றுகூட அவர்கள் வீட்டில் இல்லை.

“ரீச்சர், இவரின்ர குரல் உங்கட மிசினுக்குள்ள கிடக்கெல்லே. ஒருக்காப் போடுங்கோ. கேட்டிட்டுப் போயிடுறன்.”

கிடக்கவில்லை. நான்தான் அதன்மேல் என் குரலைப் பதிந்து அதை அழித்திருந்தேன்.

கரையில் எல்லோரும் ரீச்சர் என்று கூப்பிட்டாலும் நான் மாணவிதான். சென்னையில் முதுகலை இசைப் படிப்பில் எனக்கு அது கடைசி ஆண்டு. ஆய்வுக்கட்டுரை ஒன்று, சொந்தமாக அமைத்த உருப்படி ஒன்று, மேடையில் பாடிக் காட்டல் என்று மூன்றும் தேற வேண்டும். கூடப் படித்தவர்கள் பழைய இராகங்களோடு மல்லுக்கட்ட, நான் பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பில் எங்கள் ஊர்க் கரைவலைக்காரர் வலை இழுக்கும்போது பாடும் அம்பாவைத் தேர்ந்தெடுத்தேன். ஆராய்வதும் அதைத்தான், உருப்படியாக்கிப் பாடுவதும் அதைத்தான். அதற்காகவே ஆறு மாதம் ஊரில் வந்து நின்றேன். உப்புவெளிக் கரையில் அம்பா எடுத்துக் கொடுப்பவர் இவளுடைய கணவர். என் வயதுதான் இருக்கும்.

கடற்கரையில் காற்று இரைந்ததால் ஒலிப்பதிவுக் கருவியை அவர் வீட்டு முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பாட வாயெடுத்தவருக்கு ஒரு வரியும் வரவில்லை.

“கயிறு கையில இல்லாமப் பாட ஏலாது ரீச்சர்” என்று வெட்கப்பட்டார்.

வலைக்கயிறு ஒன்றை எடுத்து வந்து ஒரு நுனியை மனைவியிடம் கொடுத்தார். ஒரு வரி பாடுவார், நிறுத்துவார், இழுப்பார். இவள் சிரித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் இழுப்பாள். பிறகுதான் அடுத்த வரி வரும்.

அந்த நிறுத்தம் எனக்குப் பெரும் தலையிடியாகிவிட்டது. சுரப்படுத்தும்போது ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்துக்குள் அது அடங்க மறுத்தது. ஓரிடத்தில் ஒன்றரை அட்சரம், இன்னோரிடத்தில் இரண்டேகால். பயிற்சி இல்லாதவரின் தாளப் பிசகு என்று கை கூசாமல் கட்டுரையில் எழுதி, நிறுத்தங்களை எல்லாம் வெட்டித் தள்ளினேன். பாட்டு வாய்ப்பாடு ஒப்புவிப்பதுபோல நேராக ஓடியது. பேராசிரியர் பாராட்டிக் கடிதம் போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன்பிறகு நான் பாடுவதைப் பதிந்து பிழை பார்க்க வேண்டியிருந்தது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். இரண்டாவது நாடா எங்கே தேடியும் கிடைக்கவில்லை. பாட்டுத்தான் கொப்பியில் சுரமாக இருக்கிறதே என்று அவர் பாடியதன் மேலேயே பாடினேன். அப்போது அவர் உயிரோடு இருந்தார். வேண்டுமென்றால் இன்னொரு நாள் பாடுவார்தானே என்று இருந்துவிட்டேன்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் துணிவு வரவில்லை. பாட்டு அதே பாட்டுத்தானே, மெட்டைக் கேட்டால் மனம் கொஞ்சம் ஆறாதா என்றும் ஒரு நினைப்பு. நான் படித்த படிப்பு அப்படி. கதிரையில் இருக்கச் சொன்னேன். அவள் கருவிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டாள். நாடாவை ஓடவிட்டேன்.

என் குரல் தொடங்கியது. அவள் அசையாமல் கேட்டாள். முதல் வரி முடிந்ததும் மடியில் கிடந்த அவள் கை தானாக எழுந்து கயிற்றைப் பிடிப்பதுபோல மூடியது. இழுக்க இடம் இல்லை. அடுத்த வரி அதற்குள் வந்துவிட்டது. இரண்டாம் வரியிலும் கை எழுந்தது. மூன்றாம் வரியில் எழவில்லை. நான் எதை வெட்டினேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

பாட்டு முடிந்தது.

“வடிவாப் பாடியிருக்கிறியள் ரீச்சர்” என்றாள் மரியாதையாக. “இனி இவரைப் போடுங்கோ.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கருவியை நிறுத்தவும் தோன்றவில்லை, நாடா ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தங்களை வெட்டியதால், பாடிவிட்டுச் சற்று ஆறியே கருவியை நிறுத்தியும், என் பதிவு அவருடையதைவிடச் சுருங்கிப் போயிருந்தது. அழியாமல் கிடந்த அந்த மிச்சத்தை நான் ஒருநாளும் ஓடவிட்டுப் பார்த்ததில்லை. திடீரென்று நாடாவில் அவர் வீட்டு முற்றத்துக் காகம் ஒன்று கரைந்தது. கயிறு மண்ணில் விழுந்தது. அவர் மூச்சு வாங்கினார். பின்னால் இவளுடைய சிரிப்பு.

“காணுமோ ரீச்சர்? இன்னும் பாடட்டோ?”

“காணும், காணும். போதும்” என்றது என் குரல்.

நாடாவில் இருந்தது அவ்வளவுதான். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, திரும்பப் போடச் சொன்னாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை போட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் அவர் இன்னும் பாடட்டோ என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் நான் காணும் என்றேன்.