பணியாரக் கல்லில் ஆறு குண்டுகள்

எனக்கு எழுபத்திரண்டு வயது. மூன்று பெண், ஒரு பையன், நாலு பேரை வளர்த்து ஆளாக்கினேன். அரிசி பருப்பு என்று யார் வாசலிலும் போய் நின்றதில்லை. மூணாங் கிளாஸோடு படிப்பு நின்றது. இதை எழுத்துக் கூட்டி நாலு நாளாக எழுதுகிறேன்.

மூத்த மகளுக்குக் கிட்னி வேலை செய்யவில்லை. வாரம் இரண்டு தடவை விருதுநகர் போய் டயாலிசிஸ் செய்துவர வேண்டும். அவளைக் கூட்டிப் போகத்தான் மகன் ஒரு பழைய குட்டிக் கார் வாங்கினான். அதற்கு இஞ்சின் பின்பக்கம். எங்கள் ஊர்ப் பாதையில் சீமைக்கருவேல முள் குத்தி, பின்சக்கரங்களைச் சுற்றிவிடுகிற தண்டுகளின் ரப்பர் உறை கிழிந்துவிட்டது. கிரீஸ் சிதறி, கரிசல் புழுதி உள்ளே போய், வண்டி திரும்பும்போதெல்லாம் 'டக் டக்' என்று அடித்தது.

என் வீட்டுக்காரர் லாரிப் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். "நானே பிரிச்சுச் சரி பண்ணிடுறேன்" என்று கொட்டகையில் சாக்கை விரித்தார். ஒரு தண்டு சுலபமாக முடிந்தது. மற்றதில் உறையை அறுத்து, லாக் வளையத்தை விரித்து, தண்டு மடங்குகிற மூட்டைக் கழற்றி உருவினார். உள்ளே ஆறு இரும்புக் குண்டு, வட்டமாக. ஒவ்வொன்றும் அதனதன் குழியில் ஓடித் தேய்ந்திருக்குமாம். இடம் மாறக் கூடாதாம்.

"இந்தா, உன் பணியாரக் கல்லைக் கொண்டா."

"அதுல போயி கிரீஸா? இனி உங்களுக்குக் கிரீஸுப் பணியாரந்தான்."

"நீ சுட்டதையே அம்பது வருசமாத் தின்னுட்டேன். கிரீஸு என்னைய என்ன செஞ்சிரும்?"

நடுக்குழியைச் சுற்றி ஆறு குழி. கைப்பிடிப் பக்கமிருந்து வரிசையாகக் குண்டுகளை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

எனக்கு அழுக்கைக் கண்டால் பொறுக்காது. ஆறையும் டீசலில் கொட்டி, பழைய சேலைத் துணியால் பளபளவென்று துடைத்துத் திரும்பக் குழிகளில் போட்டேன். போட்ட பிறகுதான் அவர் சொன்னது உறைத்தது.

"கழுவிட்டியா? வரிசை மாறலையே?"

"ஒவ்வொண்ணாத்தான் கழுவினேன். எனக்குத் தெரியாதாக்கும்."

அவரிடம் பேச்சு வாங்க மனசு வரவில்லை. மூட்டைத் திரும்பப் பூட்டிய பிறகு தண்டை மடக்கி மடக்கிப் பார்த்தார். "இறுக்கமா இருக்கே" என்றார். "புதுக் கிரீஸு, அப்படித்தான் இருக்கும்" என்றேன். கிரீஸைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

மறுநாள் காலையில் அருப்புக்கோட்டை தாண்டி, குமாரலிங்கபுரத்துக்குப் பிரிகிற விலக்குப் பக்கம் மூட்டு சூடேறி வண்டி நின்றுவிட்டது. மகள் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். நேரம் தப்பியதால் பாதி டயாலிசிஸ்தான் செய்ய முடிந்தது. அடுத்த முறை வரும்வரை படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கினாள். பிழைத்துக்கொண்டாள்.

டவுன் பட்டறையில் பிரித்துப் பார்த்து, குண்டு மாறியிருக்கிறது என்றார்களாம். மகன் வந்து, "அப்பா, இனி ஸ்பேனரைத் தொடாதீக. உங்க கையை நம்பித்தான் அக்காவை ஏத்தினேன்" என்றான்.

அவர் என்னிடம், "வரிசையா வச்சதாத்தான் நெனச்சேன்" என்றார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அன்றைக்கு ஸ்பேனர் பெட்டியைக் கட்டிப் பரணில் போட்டவர்தான். சைக்கிளுக்குப் பஞ்சர்கூட ஒட்டுவதில்லை. விரல்களை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சட்டைப் பொத்தான் போட்டால், சரியான ஓட்டையா என்று தடவிப் பார்க்கிறார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அவர் கையில் தப்பில்லை. குண்டை மாற்றியது நான். ஒவ்வொன்றாகக் கழுவினேன் என்றதும் பொய். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை பக்கத்தில் போனேன். மூன்று தடவையும் "சாப்பிட வாங்க" என்று சொல்லித் திரும்பிவிட்டேன். அதனால்தான் எழுதினேன்.

மூத்தவளின் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள். இந்தா தாயி, இதை முதல்லேருந்து வாசி. பிழை இருந்தா இருக்கட்டும், நிறுத்தாத. தாத்தாவும் மாமாவும் அங்கனதான் காப்பி குடிச்சிக்கிட்டு இருக்காக. ரெண்டு பேருக்கும் கேக்குற மாதிரி, சத்தமா வாசி.