தட்டைக் கையில் எடுக்கும்வரை

ஓய்வுபெற்ற தாதி வீட்டில் சும்மா இருக்கக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாக இழுத்துத் தலையில் போட்டுக்கொண்ட வேலை அது. உடுப்பிட்டியிலிருந்து தொண்டைமானாறு வரை ஏழு வீடுகள். சில வீடுகளில் ஊசி, சில வீடுகளில் புண்ணுக்கு மருந்து கட்டுவது. ஆண்டவருக்குச் செய்கிற ஊழியம் என்று சொல்லிக்கொள்வேன்.

விடியற்காலையில் ஒரு மணி நேரம் ஜெபிக்கும் பழக்கம் இருந்தது. அது அரை மணியாகி, ஸ்கூட்டியில் போகும்போது முணுமுணுப்பதாகி, கடைசியில் அதுவும் நின்றுபோனது. "ரெண்டு வீட்டையெண்டாலும் விடுங்கோ அக்கா. இருந்து ஜெபிக்க நேரம் வேணும்" என்று எங்கள் போதகர் ஒருநாள் சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "எந்த ரெண்டு வீடு எண்டு நீங்களே சொல்லுங்கோ ஐயா" என்று முகத்தில் அடித்ததுபோல் கேட்டுவிட்டு வந்தேன்.

தொண்டைமானாற்று வீட்டில் கடற்தொழிலாளி ஒருவரின் மனைவி, கணவர் இறந்தபின் தனியாக இருந்தார். என்னைவிடச் சற்று மூத்தவர். சீனி வருத்தத்தில் கண்ணும் மங்கிவிட்டதால் இன்சுலினை நான்தான் போடுவேன். போட்டபின் சாப்பிடாவிட்டால் சீனி இறங்கி ஆள் மயங்கிவிடும், உயிருக்கே ஆபத்து. அதனால் அவர் சாப்பாட்டுத் தட்டைக் கையில் எடுக்கும்வரை நான் அசையமாட்டேன்.

அன்று அசைந்தேன். ஊசியைக் குத்தி எடுக்கும்போதே, அடுத்ததாகப் போகவேண்டிய வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பிறகு கதைப்பம் அக்கா, சாப்பிடுங்கோ" என்று வாசல் படலையில் நின்று சொல்லிவிட்டுப் பறந்தேன்.

அந்த வீட்டில் கால் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரி வெறும் தேநீரோடு வந்தாள். "குறை நினையாதேங்கோ மிஸ்ஸி. கந்தசட்டி தொடங்கீட்டுது. வீட்டிலை எல்லாரும் விரதம், அடுப்பிலை ஒண்டும் இல்லை."

தொண்டைமானாற்று அக்கா சும்மாவே முருகன் முருகன் என்று இருப்பவர். அவரும் விரதமென்றால்? தொலைபேசியில் அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. திரும்ப அழைத்தேன், பதில் இல்லை. கட்டுப் போடுவதை அரைகுறையாக முடித்துக்கொண்டு ஸ்கூட்டியைத் திருப்பினேன். ஊசி போட்டு ஒரு மணி நேரம் கடந்திருந்தது. கோயிலுக்குப் போகிறவர்கள் தெருவை நிறைத்து நடந்தார்கள். ஹோர்ன் அடித்து அடித்து அவர்களுக்குள் புகுந்து போனேன்.

அவர் சுவரில் சாய்ந்து இருந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, கை நடுங்கியது. சீனியைத் தண்ணீரில் கரைத்து வாயருகே கொண்டுபோனேன். பல்லை இறுக்கிக்கொண்டார்.

"விரதம் மிஸ்ஸி... நேர்த்தி..."

"உங்கடை முருகனுக்கு நான் பதில் சொல்லுறன். வாயைத் திறவுங்கோ அக்கா!" என்று கத்தினேன். அயல் வீட்டுக்கும் கேட்டிருக்கும். தாடையைப் பிடித்துக்கொண்டு கிளாசைச் சாய்த்தேன். பாதி நெஞ்சில் வழிந்தது, பாதி இறங்கியது. மறுபடி கரைத்தேன்.

பிறகு காத்திருந்தேன். ஜெபிக்கப் பார்த்தால் சொற்கள் வரவில்லை. ஆண்டவரே, ஆண்டவரே என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவ்வளவு பயந்தேன்.

மெல்ல மெல்ல அவருடைய நடுக்கம் நின்றது. என்னை அடையாளம் கண்டு சிரித்தார். பயம் போன இடத்தில் எனக்குக் கோபம் வந்தது.

"விரதமெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்ல எங்கை விட்டனியள்? வந்த வேகத்திலை குத்திப்போட்டுப் போட்டியள்."

"இந்த உடம்போடை ஆருக்காக நேர்த்தி?"

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "உங்களுக்குத்தான். எப்பிடி மெலிஞ்சு போனியள். ஒரு நிமிசம் இருக்கிறியளில்லை. இந்த மிஸ்ஸிக்கு ஒண்டும் வரக்கூடாதெண்டு வேண்டினனான்."

அவர் எனக்காகப் பட்டினி கிடந்தார். நான் அவருக்காக ஒரு வரிகூட ஜெபித்து மாதக்கணக்காகிவிட்டது. வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பைக்குள் தொலைபேசி அடித்தது. மூன்றாவது வீடு. அங்கே கட்டு மாற்ற மகளுக்கே தெரியும். நான்தான் விட்டுக்கொடுக்காமல் செய்துவந்தேன்.

"இண்டைக்கு நான் வரேல்லைப் பிள்ளை, நீங்களே கட்டுங்கோ" என்றேன். ஓய்வுபெற்ற பிறகு ஒரு வீட்டுக்கும் நான் அப்படிச் சொன்னதில்லை. பிறகு தொலைபேசியை நிறுத்திவிட்டு அடுப்பை மூட்டினேன்.

புட்டைத் தட்டில் போட்டு அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"நீங்களும் ஒரு தட்டு எடுங்கோ" என்றார். "அதுவரைக்கும் நான் தொடமாட்டன்."