ஷகிலாவின் அம்மாவிடம் நான் சொன்னது

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

1995-ம் வருஷம், ஆடித் தள்ளுபடி நேரம். தி.நகரில் ஒரு துணிக்கடையின் மூன்றாவது மாடியில் சேலைப் பிரிவில் வேலை செய்தேன். ஒரு மத்தியானம் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. கண் தெரியாத புகை. நானும் கூட வேலை செய்த ஷகிலாவும் கைகோத்துக்கொண்டு படியிறங்கினோம். பின்னாலிருந்து கூட்டம் நெருக்கித் தள்ளியது. தெருவுக்கு வந்து பார்த்தேன். என் கையில் அவள் கை இல்லை. ஷகிலா உயிரோடு வெளியே வரவே இல்லை.

என் உடம்பில் ஒரு காயமும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தாலே மூச்சு முட்டும். மகளின் கையைப் பிடித்தால் வேர்த்துக் கொட்டும். என் கணவர் அந்தோணி நொச்சிக்குப்பத்தில் மீன்பிடிப்பவர். "உயிரோட வந்துட்டியேன்னு நாங்க சந்தோஷப்படுறோம். நீ இன்னாத்துக்கு அழுதுகினே கீற?" என்று கேட்பார்.

பெசன்ட் நகர் மாதா கோயிலில் ஒன்பது சனிக்கிழமை முழங்காலில் நின்றேன். "அந்த நாளை மறக்க வையுங்க தாயே" என்பது ஒன்றே என் மன்றாட்டு. மறக்கவில்லை. ஒன்பதாவது வாரம் கடலில் இறங்கிவிடலாம் என்ற நினைப்போடு வெளியே வந்தேன். வாசலில் ஒரு சிஸ்டர் என் முகத்தைப் பார்த்து நின்றார்.

"எப்பம்மா கடைசியா தூங்கினே?"

அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். திங்கட்கிழமை அவரே என்னை அடையாறில் சாந்தா என்கிற மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனார்.

மூன்று வாரம் ஷகிலாவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. சாந்தா மேடம் அவசரப்படுத்தவில்லை. "உங்களுக்குப் பைத்தியம் இல்லைங்க. தீ அணைஞ்சுபோனது உங்க உடம்புக்கு இன்னும் தெரியல. அதான் ஓடு ஓடுன்னுது" என்றார். மூச்சை மெதுவாக விடப் பழக்கினார். நாலாவது வாரம் சொல்லிவிட்டேன்.

"நான்தான் மேடம் அவ கையை விட்டுட்டேன்."

"விட்டீங்களா, நழுவிடுச்சா?"

"தெரியல மேடம்."

"தெரியாத ஒண்ணுக்கா இத்தனை மாசம் உங்களைத் தண்டிச்சீங்க?"

ஒரே நாளில் குணமாகவில்லை. ஒரு வருஷம் போனேன். பிறகு, யாரும் சொல்லாமலே, ராயப்பேட்டையில் ஷகிலாவின் அம்மாவைத் தேடிப் போனேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று தலைகுனிந்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் புகையில எம்புள்ள தன்னந்தனியா கெடந்தாளேன்னு நெனச்சு நெனச்சு சாவுறேம்மா. நீ கையப் புடிச்சினு இருந்தியா? யா அல்லா... இத நீ அப்பவே வந்து சொல்லக் கூடாதா?"

இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

இப்போதும் புகை வாடைக்கு நெஞ்சு படபடக்கும். ஆனால் நின்று மூச்சுவிடத் தெரியும். வேறொரு கடையில் வேலைக்குப் போகிறேன். மறதி வேண்டும் என்று கேட்டேன். அதை ஆண்டவர் தரவில்லை. நான் சொல்வதைக் கேட்க மனிதர்களை அனுப்பினார். அதற்கு உயிருள்ளவரை நன்றி சொல்வேன்.

இதை வாசிக்கும் சகோதரியே, சகோதரனே, உங்களுக்குள்ளும் சொல்ல முடியாத ஒரு நாள் இருக்கலாம். ஜெபியுங்கள். உதவிக்கு ஒருவர் வந்து நின்றால், வெட்கப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். அவரிடம் பேசுங்கள்.