உலோக நுரையும் மாப்பிள்ளையின் விரலும்

நான் உலோக நுரையைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காலத்தில்தான் நெல்லியடியிலிருந்து என்னைப் பொம்பிளை பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை, தாய், தகப்பன், வேறு ஒருவருமில்லை. எங்கள் நீர்வேலி வீட்டில் அம்மா ஊருக்கே போதுமளவுக்கு வடை சுட்டு வைத்திருந்தா.

"பிள்ளை என்ன ஆராய்ச்சி?" என்று தகப்பன் கேட்டார்.

"ஃபோம், அங்கிள். அதுக்குள்ளாலை சூடு எப்பிடிப் போகுது எண்டு கொம்பியூட்டரிலை கணக்குப் போட்டுப் பாக்கிறன்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப நல்லதாப் போச்சு. என்ரை மெத்தை நடுவிலை குழி விழுந்து நாரி முதுகெல்லாம் நோகுது. எந்த ஃபோம் வாங்கலாம்?"

இது மெத்தை இல்லை, அலுமினிய நுரை என்றேன். அவர் சோர்ந்துபோய் வடையை எடுத்தார். நான் அறைக்குள் ஓடிப்போய் மாதிரித் துண்டைக் கொண்டுவந்தேன். கையளவு கட்டை, கடற்பஞ்சு மாதிரி உடம்பெல்லாம் ஓட்டை. ஒவ்வொரு குமிழுக்கும் பதினாலு முகம் என்று வைத்து, விளிம்புகளை மட்டும் கம்பிகளாக விட்டுத்தான் என் கணக்குகளைப் போட்டிருந்தேன். தாய் அதை யன்னலுக்கு நேரே பிடித்து, "உதுக்குள்ளாலை உங்கடை கிணறு தெரியுது" என்றா.

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை கேட்டார்: "ஓட்டை எதுக்கு?"

"காத்துப் போக. கம்பி சூட்டை மேலை கொண்டுபோகும், காத்து அதைப் பறிச்சுக்கொண்டு போகும். அடி கொதிச்சாலும் மேல்நுனியைக் கையாலை பிடிக்கலாம்."

"நம்பேலாமல் கிடக்கு."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. அம்மா கண்ணால் மிரட்டியதைக் கவனிக்காமல் தோசைக்கல்லைச் சூடாக்கி வந்து மேசையில் ஒரு பலகைமேல் வைத்தேன். அதன்மேல் துண்டை நிமிர்த்தி, மேசை ஃபானை அதற்கு நேரே திருப்பினேன். மாப்பிள்ளை மேல்நுனியை இரண்டு விரலால் பிடித்தார்.

"ஓம், சூடில்லை!"

நான் அம்மாவைப் பெருமையோடு பார்த்தேன். அப்போது கரண்ட் போனது.

ஃபான் மெல்ல மெல்ல நின்றது. அவர் மரியாதைக்காக விரலை எடுக்கவில்லை. காது மடல் சிவந்தது.

"சுடுதோ?" என்றேன்.

"இல்லை... கொஞ்சம்..." என்றவர் துள்ளிக் கையை உதறினார். துண்டு பறந்துபோய்த் தேங்காய்ச் சம்பல் கோப்பைக்குள் விழுந்து 'சொய்' என்றது.

அவருடைய விரலைக் குளிர்ந்த தண்ணீர்க் கிளாசுக்குள் வைக்கச் சொன்னோம். தாய் சேலையிலிருந்த ஊசியைக் கழற்றி, நுரையின் ஓட்டைகளுக்குள் சிக்கிய தேங்காய்ப்பூவை ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்கத் தொடங்கினா.

"உங்கடை கணக்கிலை கரண்ட் போறது இல்லையோ?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"இல்லை. ஃபான் எப்பவும் சுத்தும் எண்டு எடுத்தனான்."

"இஞ்சை இருந்துகொண்டோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் போனபிறகு வடைச்சட்டியோடு சேர்த்து என்னையும் கழுவினா.

இரண்டொரு நாளில் கல்யாணத் தரகர் போன் எடுத்தார். பொடியனுக்குச் சம்மதமாம், ஆனால் பொம்பிளை வீட்டுக் குசினி அடுப்புப் பக்கம் வரமாட்டாராம்.

நான் அந்தக் கிழமைக்குள்ளேயே காற்று ஓடாமல் நிற்கும் நிலைக்கும் கணக்கை எழுதினேன். சரிவந்ததும் ஆருக்காவது சொல்லவேண்டும் போலிருந்தது. மாப்பிள்ளைக்குப் போன் எடுத்தேன்.

"அண்டைக்கு மேல்நுனி ஏன் சுட்டது எண்டு இப்ப சரியா வருது."

"நல்லது," என்றார். "கொப்புளமும் ஆறீட்டுது."

நாங்கள் தனியாகக் கதைத்த முதல் கதை அதுதான்.