வெடித்துக்கொண்டே இருந்த மூலக்கூறு

என்ன வேலை பார்க்கிறோம் என்று நமக்கே சொல்லத் தெரியாத உத்தியோகங்களில், பெரிய மூலக்கூறுகள் எப்படி அசைகின்றன என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதும் ஒன்று; மாட்டிக்கொண்டவர்களுக்கு என் வேதனை புரியும். எழுபதுகளின் கடைசியில் நான் பெங்களூரில் ஆராய்ச்சி மாணவன். வாரம் ஒருமுறைதான் கம்ப்யூட்டர் கிடைக்கும். மற்ற நாட்களில் தர்மபுரிப் பக்கம் இண்டூரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுவேன். கம்ப்யூட்டருக்குள் ஒரு புரதத்தை ஆடவிட வேண்டும், ஆனால் அது சிதறக் கூடாது. கோடைக்குள் இதைச் செய்து காட்டினால் உதவித்தொகை நீடிக்கும். இல்லையென்றால் அப்பாவோடு நிலக்கடலைக் காடுதான். அப்பா எனக்கென்று ஒரு களைக்கொத்துகூட வாங்கி வைத்துவிட்டார்.

பாசிமணி

மாதிரி செய்து பார்க்க, தர்மபுரி கடைவீதியில் பாய் கடையில் நான்கு நிறத்தில் மணி கேட்டேன். எத்தனை பெண் பிள்ளைகள் என்று விசாரித்தார். கல்யாணமே ஆகவில்லை, நம் உடம்புக்குள் புரதம் இப்படித்தான் கோத்திருக்கும் என்று விளக்கினேன். பொட்டலத்துக்கு இன்னொரு சுற்று நூல் சுற்றினார்.

"உள்ளாற இவ்வளவு இருக்குதுன்னா பாத்து நடங்க தம்பி. அறுந்துச்சுன்னா பொறுக்க முடியாது."

நட்சத்திரம்

எண் அதற்குரிய இடத்தில் அடங்காமல் பெருத்துவிட்டால், எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரக் குறிகளை அச்சடித்துவிடும் அந்தக் கம்ப்யூட்டர். கணக்கில் அணுக்கள் எங்கெங்கோ பறந்து மூலக்கூறு வெடித்த ஒவ்வொரு முறையும் எனக்குப் பக்கம் பக்கமாக நட்சத்திரம். ஒருநாள் அவற்றைக் கூடத்தில் விரித்துவைத்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். காபி கொண்டுவந்த அண்ணி குனிந்து பார்த்தார்.

"புள்ளியெல்லாம் வரிசையா வெச்சிட்டீங்க. கோலம் எப்பங்க போடுவீங்க?"

தூரத்துச் சொந்தம்

ஒவ்வோர் அணுவும் மற்ற எல்லா அணுக்களையும் விசாரித்துக்கொண்டிருந்தால் கம்ப்யூட்டர் தாங்காது. அதனால் எப்போதாவது ஒருமுறை அக்கம்பக்கத்து அணுக்களைக் குறித்துக்கொண்டு, மற்றவற்றை மறந்துவிடுவேன். இந்த யுக்தியில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அந்தச் சமயம் பென்னாகரத்து மாமா சொல்லாமல் கொள்ளாமல் குடும்பத்தோடு வந்து இறங்கினார். அம்மா அவசரமாக மறுபடி உலை வைத்தார். மாமா என் வேலையைப் பற்றிக் கேட்டார், பெருமையாகச் சொன்னேன்.

"தூரத்துல இருக்கறது தூரத்துலயேவா மாப்ள இருக்கும்? எங்களாட்டம் பஸ்ஸேறி வந்துச்சுன்னா?"

கண் இமைக்கும் நேரம்

சிரித்துவிட்டேன். பிறகு புரோகிராமை எடுத்துப் பார்த்தேன்; மாமா சொன்னதுதான் நடந்துகொண்டிருந்தது. கணக்கில் இல்லாத அணு மெல்ல நகர்ந்து வந்து இன்னொன்றின் மடியில் உட்கார்ந்துவிடும். அடுத்த முறை குறிக்கும்போது இரண்டும் உதைத்துக்கொள்ளும், எல்லாம் சிதறும். அடிக்கடி குறிக்கும்படி மாற்றினேன். அந்த வாரம் தாள் முழுக்க எண்கள், ஒரு நட்சத்திரம்கூட இல்லை. உதவித்தொகை நீடித்தது. தர்மபுரி வரும்வரை பஸ்ஸில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

எவ்வளவு நேரம் சிதறாமல் நின்றது என்று அப்பா கேட்டார். புரதத்தின் கடிகாரப்படி, கண் இமைக்கும் நேரத்தைக் கோடி கூறாக்கினால் அதில் ஒரு கூறைவிடக் குறைவு என்றேன். அதற்கா கோடை முழுவதும் என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் மனதுக்குள் கணக்குப் போட்டார்.

"அப்ப ஒருதரம் கண்ணு இமைச்சு முடியறதுக்குள்ள நீ ரிட்டயர் ஆயிருவ. நல்ல உத்தியோகம், விட்டுடாத."

நான் ஓய்வுபெற்றும் ஆயிற்று. அந்தக் கண் இன்னும் பாதிகூட மூடவில்லை.