பெட்ரோல் ரம்பமும் பூங்காவனத்தின் காளையும்

ஆம்பூரில் நயீம் அகமதுவின் பட்டறையில் மரத்தில் பாதம் செய்தார்கள். ஷூ தைக்கிறவர்களுக்குத் தோலை இழுத்துப் போர்த்த உள்ளே ஒரு கட்டை வேண்டும். மனிதப் பாதம் போலவே இருக்கும் அந்தக் கட்டைக்கு அச்சுக்கட்டை என்று பெயர். மஞ்சக்கடம்பு மரத்தைத் துண்டுபோட்டு, மோட்டாரில் சுற்றும் உப்புத்தாள் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்துத் தேய்த்து வடிவம் எடுப்பார்கள். அந்தப் பட்டறைக்குப் பூங்காவனம் தூள் பெருக்கத்தான் போனாள். அவள் புருஷன் லோகநாதன் அங்கே மரம் அறுத்துக்கொண்டிருந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு வாக்கில் சக்கரத்தில் நின்ற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டார். ஆர்டர் தேங்கியது. நயீம் பாய் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அவள் கேட்டாள்.

"பாய், ஒரு கட்டை நான் புடிச்சுப் பாக்கட்டா?"

"வெரல் போச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது தங்கச்சி."

"போவாது பாய். தெனம் பாத்துக்குனுதானே இருக்கேன்."

முதல் கட்டையில் குதிகால் சப்பையாகப் போய்விட்டது. இரண்டாவதில் விரல்பக்கம் கூராகிவிட்டது. மூன்றாவதை நயீம் பாய் கையில் வாங்கி அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு அலமாரியில் அடுக்கினார். அன்றிலிருந்து சக்கரம் அவளுடையது.

அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. பிடித்துப்போனது என்றால் சாதாரணமாக அல்ல. சக்கரத்தில் மரம் படும்போது அதிர்வு மணிக்கட்டு வழியாக ஏறித் தோளுக்கு வரும். அது வந்ததும் உடம்பெல்லாம் முழித்துக்கொண்ட மாதிரி இருக்கும் என்று சொல்வாள். அளவு தப்பிய அச்சுக்கட்டையைத் தலைகீழாகப் பிடித்தால் அது பாதி வாத்து. இன்னும் நாலு தேய்ப்பில் முழு வாத்து. இப்படி வாத்து, கிளி, முயல் என்று பட்டறைச் சுவரோரம் ஒரு கூட்டமே சேர்ந்தது. நயீம் பாயின் பிள்ளைகள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள்.

அறுபதாம் வருஷம் நயீம் பாய் மெட்ராஸ் துறைமுக ஏலத்திலிருந்து ஒரு பெட்ரோல் ரம்பம் வாங்கிவந்தார். கனமான மஞ்சள் நிற யந்திரம். நீண்ட நாக்கு மாதிரி ஒரு பட்டை, அதைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி. லோகநாதன் கயிற்றை இழுத்ததும் அது உறுமிய உறுமலில், பக்கத்தில் தோல் பதனிடும் தோல்ஷாப்பில் தோல் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார்கள். பூங்காவனம் மட்டும் கிட்டே போனாள். இரண்டு ஆள் அரை நாள் இழுக்கும் கட்டையை அது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் அறுத்துத் தள்ளியது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

"இதால வளைச்சு அறுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"வளைக்கிறதா? நேரா புடிக்கவே கை நடுங்குது" என்றான் லோகநாதன்.

அந்த ஐப்பசி மழையில், ஊருக்கு வெளியே பெங்களூர் ரோட்டோரம் நின்ற ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து ரோட்டை அடைத்துவிட்டது. இரண்டு பக்கமும் லாரி வரிசை. நெடுஞ்சாலை ஆட்கள் நயீம் பாயிடம் ஓடிவந்தார்கள். லோகநாதன் ரம்பத்தோடு போனான். மதியத்துக்குள் வழி கிடைத்துவிட்டது. கிளையையெல்லாம் விறகுக்கு அள்ளிப்போனார்கள். அடித்துண்டை யாரும் தொடவில்லை. ஆளுயரம், ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமன், உள்ளெல்லாம் முண்டும் முடிச்சும். பலகைக்கும் ஆகாது, விறகாகப் பிளக்கவும் முடியாது.

"பாய், அது எனக்கு வேணும்" என்றாள் பூங்காவனம்.

"இன்னாத்துக்கு?"

"கரடி செய்யப் போறேன்."

நயீம் பாய் சிரித்தார். லோகநாதன் சிரிக்கவில்லை. அவளுடைய கரடிக் கதை அவனுக்குத் தெரியும். ஜவ்வாது மலை அடிவாரத்தில் அவள் பிறந்த ஊர். பன்னிரண்டு வயதில் வேர்க்கடலைக் கொல்லைக்குக் காவலுக்குப் போனவள், விடியக்காலையில் கரடியோடு நேருக்கு நேர் நின்றாள். அது பின்னங்காலில் எழுந்து நின்று அவளை முகர்ந்து பார்த்தது. அவள் ஓடவில்லை, கால் வரவில்லை என்பதுதான் நிஜம். பிறகு அது தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டது. அந்த முகத்தை அவள் மறக்கவே இல்லை.

"இவ சொன்னா செய்வா பாய்" என்றான் லோகநாதன். "நாலு பேர வெச்சு உருட்டிக்குனு வந்துடலாம்."

துண்டு பட்டறை வாசலுக்கு வந்துவிட்டது. வந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. அச்சுக்கட்டையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகலாம். இந்த மலையை எப்படிக் கொண்டுபோவது? சக்கரம்தான் மரத்துக்கு வர வேண்டும்.

அப்படி ஒரு சக்கரம் ஊரில் ஒரே ஒருவரிடம் இருந்தது. தோல்ஷாப்பில் ஃபிட்டராக இருந்த இஷ்தியாக் அகமது. ஜெர்மனியிலிருந்து வந்த மெஷினை மாட்டிவிட்டுப் போனவர்கள் அவரிடம் ஒரு கைக் கிரைண்டரை விட்டுப்போயிருந்தார்கள். வெல்டிங் பிசிறைத் தேய்ப்பதற்கானது. கையில் பிடித்தால் முனையில் தட்டு சுற்றும்.

"இது இரும்புக்கான சக்கரம்மா. மரத்துல வெச்சா பொகைதான் வரும்" என்றார் அவர்.

வைத்துப் பார்த்தார்கள். புகைதான் வந்தது. மரம் கருகி, வாசலெல்லாம் தீய்ந்த நாற்றம். பூங்காவனம் கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்போது லோகநாதன் உள்ளே போய், ரம்பத்தில் தேய்ந்துபோன பழைய சங்கிலியை எடுத்துவந்தான். அதை வளையமாகச் சுருட்டி கிரைண்டர் முனையில் வைத்துக் காட்டினான்.

"இத்த இப்படி மாட்டிட்டா?"

இஷ்தியாக் அதை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அவருக்கும் பரபரப்பு தொற்றிக்கொண்டது. லேத்தில் இரண்டு எஃகுத் தட்டு கடைந்து, நடுவில் சங்கிலி வளையத்தை வைத்து இறுக்கினார். சுவிட்சைப் போட்டதும் சக்கரம் விர்ரென்று ஏறியது. பூங்காவனம் மரத்தில் வைத்தாள். சுருள் சுருளாகச் சீவல் பறந்தது. அடுத்த கணம் படாரென்று ஒரு சத்தம். சங்கிலி கழன்று, தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு வெளியே போய்விட்டது. மூன்று பேரும் தரையில் கிடந்தார்கள். யாருக்கும் அடியில்லை என்று தெரிந்துகொள்ளச் சிறிது நேரம் ஆனது.

பூங்காவனம்தான் முதலில் தலையைத் தூக்கினாள். "மரத்த எப்படிக் கடிச்சுது பாத்தீங்களா" என்றாள்.

இரண்டாவது முறை இஷ்தியாக் தட்டில் பள்ளம் வெட்டி, ஒவ்வொரு கண்ணிக்கும் ஆணி கொடுத்து முறுக்கினார். மேலே அரைவட்டத் தகடு ஒன்று காப்பாக வைத்தார். இந்த முறை கழலவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் மரம் பள்ளமாகக் குழிந்து வந்தது.

புடவைக்கு மேல் லோகநாதனின் சட்டையைப் போட்டு, கொண்டையைத் துணியால் இறுக்கி, மோட்டார்சைக்கிள்காரர்கள் போடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் நின்ற கோலத்தைப் பார்க்கவே கூட்டம் வந்தது. பெரிய பெரிய துண்டுகளை லோகநாதன் ரம்பத்தால் தள்ளுவான். அவன் விலகியதும் அவள் கிரைண்டரோடு நுழைவாள். தோள் வந்தது. தொங்கும் கை வந்தது. முகத்தில் மரத்தின் முண்டு ஒன்று சரியாக மூக்குக்கு அமைந்துவிட்டது. ரோமத்துக்கு அவள் சக்கரத்தின் ஓரத்தை மட்டும் லேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்தாள். ஈரத்தில் நனைந்து திரித்திரியாகத் தொங்கும் கரடி மயிர் அப்படியே வந்தது. லாரிக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பார்த்தார்கள். கடைசி நாள் அந்தப் பக்கம் வந்த தெருநாய் ஒன்று கரடியைப் பார்த்துப் பின்வாங்கிப் பின்வாங்கிக் குரைத்தது. கூட்டம் கைதட்டியது. நயீம் பாய் கரடியை ஒருமுறை சுற்றிவந்தார்.

"மாஷா அல்லா" என்றார். "அச்சுக்கட்டை போதும் தங்கச்சி. இனிமே நீ இதையே செய்."

லாரிக்காரர்கள் வாயிலாகப் பேச்சு வேலூர் வரை போய்விட்டது. அடுத்த தையில் கோட்டை மைதானத்தில் நடந்த பொருட்காட்சிக்கு ஏற்பாடு செய்தவர்களில் ராமமூர்த்தி என்பவர் ஆம்பூருக்கே வந்தார். ஜனங்கள் பார்க்க, மேடையிலேயே ஒரு சிலை செய்து காட்ட வேண்டும். மதியம் ஆரம்பித்துப் பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும்.

"சிங்கம் செஞ்சா எடுப்பா இருக்கும்" என்றார்.

"சிங்கத்த நான் பாத்ததில்லீங்க. காளை செய்யறேன். எருது விடற காளை."

எங்கள் பக்கத்தில் தை மாதம் என்றால் எருது விடும் விழாதான். தெருவின் இரண்டு பக்கமும் ஜனம் நிற்க, நடுவில் காளை புழுதி பறக்க ஓடும். அவள் மனதில் இருந்தது முன்னங்கால் இரண்டையும் தூக்கி, மரத்துக்குள்ளிருந்து பிய்த்துக்கொண்டு பாயும் காளை.

அன்று கோட்டை மைதானத்தில் நிற்க இடமில்லை. மூங்கில் சாரம் கட்டிய மேடையில் மரத்துண்டு நின்றது. லோகநாதன் ரம்பத்தைக் கிளப்பியதும் முன்வரிசை பின்னால் சாய்ந்தது. பிறகு முன்பைவிட நெருங்கி வந்தது. கொம்புக்கு இடம் விட்டு, கழுத்தின் இரண்டு பக்கமும் தள்ளினான். பூங்காவனம் கிரைண்டரை எடுத்தாள். திமில் எழும்பியது. ஒரு கொம்பு வந்தது. ஜனங்களுக்கு அது காளை என்று புரிந்த கணம், மைதானம் முழுக்க விசில்.

இரண்டாவது கொம்பைத் தொடங்கும்போது கரண்ட் போய்விட்டது.

மைக் நின்றது. கிரைண்டர் முனகி அடங்கியது. ராமமூர்த்தி ஆளனுப்பினார், ஓடிப்போனவர் திரும்பிவந்து, இன்றைக்குக் கரண்ட் வருவது சந்தேகம் என்றார். ஒற்றைக் கொம்போடு, கால் இரண்டும் ஒரே கட்டையாக ஒட்டிக்கொண்டு, மார்பே இல்லாமல் நின்றது காளை. கூட்டத்தின் ஓரங்கள் கலையத் தொடங்கின.

பூங்காவனம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"ரம்பத்த எனக்குக் குடு."

"நீ அத்தத் தொட்டதே இல்ல."

"எங்க எவ்ளோ எடுக்கணும்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சொல்லிச் சொல்லி நீ அறுக்கறதுக்குள்ள பொழுது போய்டும்."

"கனம் தாங்காது பூங்காவனம்."

"தாங்கற மாதிரி ஒண்ணு பண்ணு."

லோகநாதன் சுற்றிலும் பார்த்தான். பக்கத்துக் கடையில் தோல் சாமான் விற்பனைக்கு வைத்திருந்தார்கள். அங்கிருந்து ஒரு நீண்ட தோல் பட்டையை வாங்கி, சாரத்தின் மேல் மூங்கிலில் போட்டு, ரம்பத்தை அதில் தொங்கவிட்டான். மறுமுனையை அவனே பிடித்துக்கொண்டான். அவள் மேலே என்றால் இழுக்க வேண்டும். கீழே என்றால் விட வேண்டும். கனம் அவனுக்கு, கை அவளுக்கு.

"முனை மட்டும் மரத்துல படக்கூடாது. பட்டா மூஞ்சிக்கு எகிறும். அடிப்பக்கத்தாலயே அறு" என்றான். கயிற்றை இழுத்துக் கிளப்பினான்.

முதல் தொடலில் ரம்பம் அவளைத் தள்ளியது. காலை அகட்டி ஊன்றினாள். இரண்டாவது தொடலில் அவள் அதைத் தள்ளினாள். பிறகு அது அவள் கைக்கு வந்துவிட்டது. கொம்பை ஒரே வளைவில் கீழிருந்து மேலாக எடுத்தாள். நேராகத்தான் அறுக்கும் என்று லோகநாதன் நினைத்திருந்த யந்திரம் வளைந்து போவதை அவனே வாய் பிளந்து பார்த்தான். பட்டையை இழுக்க மறந்துவிட்டான். "மேல" என்று அவள் கத்தினாள். இழுத்தான். கால்கள் இரண்டும் பிரிந்தன. மடங்கிய முழங்கால், குளம்பு. கழுத்துச் சதை தொங்கி ஆடுவதற்கு நாலு நீளக் கீற்று. கலைந்த கூட்டம் திரும்பி ஓடிவந்தது. யாரோ எருது விடும்போது போடும் கூச்சலைப் போட்டார்கள், அது பற்றிக்கொண்டது. ரம்பத்தின் சத்தமும் ஜனத்தின் சத்தமும் ஒன்றாகக் கலந்து, பொருட்காட்சிக்குக் கொண்டுவந்து மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த நிஜ மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. கடைசியாக மூக்குத் துவாரம் இரண்டையும் ரம்பத்தின் அடிப்பக்கத்தாலேயே கீறிவிட்டு அவள் விலகியபோது வெயில் கோட்டைச் சுவர் மேல் இருந்தது. ஜனங்கள் வீசிய தோள்துண்டுகள் மேடைமேல் வந்து விழுந்தன.

காட்பாடிப் பக்கத்து விவசாயி ஒருவர் மேடையேறி வந்து காளையின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். தன் மாட்டுக்கென்று மடியில் வைத்திருந்த சலங்கையை அவிழ்த்து அதன் கழுத்தில் கட்டிவிட்டு இறங்கிப் போனார்.

பொருட்காட்சியைவிட்டு வெளியே வந்து ஒரு பிரியாணிக் கடையில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பூங்காவனத்தின் கைகள் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தன; தண்ணீர் டம்ளரை எடுத்தால் பாதி மேஜையில் கொட்டியது. லோகநாதன் பிடித்துக்கொண்டான், அவள் குடித்தாள்.

"பயமா இல்லையா?" என்றான்.

"இருந்துச்சு. நல்லா இருந்துச்சு."

அதன்பிறகு வேலைக்குக் குறைவே இல்லை. ஏலகிரி பங்களாக்களுக்குக் குதிரை, வாணியம்பாடி மண்டி வியாபாரிகளின் வாசலுக்குத் திராட்சைக் கொடி, பெங்களூர் ஹோட்டலுக்கு ஒரு ஜோடி யானை. அறுபத்தாறில் சத்துவாச்சாரியில் ரோட்டைப் பார்த்த மனையில் சொந்தக் கொட்டகை போட்டார்கள். ரம்பம் இரண்டு ஆனது. ஒன்று அவளுக்கே அவளுக்கு.

கொட்டகைக்கு எதிர்வீட்டில் ராஜகோபால் என்ற ஓய்வுபெற்ற தாசில்தார் குடிவந்தார். சத்தத்தில் பகலில் கண்ணயர முடியவில்லை என்று வாரம் ஒருமுறை வந்து சண்டை போடுவார். பூங்காவனம் ரம்பத்தை அணைத்துவிட்டு அவர் சொல்வதை முழுக்கக் கேட்டுக்கொள்வாள். அவர் போனதும் கிளப்புவாள். ஒரு நாள் காலையில் வழக்கம்போல் வந்தார். சண்டை போடவில்லை. பாதி முடிந்த மயில் ஒன்றைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என் வாசலுக்கு இந்த மாதிரி ஒண்ணு ஆகுமா?" என்றார்.

"ஆகும் சார். ஆனா ரம்பத்த நிறுத்த முடியாது. சத்தம் ஜாஸ்தியா இருக்கும். தூக்கம் போய்டுமே."

அவர் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்து, உள்ளே இருந்தவர்களிடம் நாற்காலியைக் கொட்டகைக்கு எடுத்துவந்து போடச் சொன்னார்.